இரண்டு கிலோபைட்டும் அப்பாவின் குளிசைப் பெட்டியும்

மென்பொருள் எழுதுவது என் தொழில். பன்னிரண்டு வருடமாக அதுதான் சோறு போடுகிறது; முதுகலைப் படிப்பும் அதிலேதான். நான் எழுதுவதெல்லாம் விண்டோஸ் கணினிகளில் ஓடுகிற பெரிய புரோகிராம்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் காலையில் திறந்து, பின்னேரம் வரை மூடாமல் வைத்திருக்கிற வகை. அதற்கு அடியில் ஒரு சிப் இருக்கிறது, அதற்குள் மின்சாரம் ஓடுகிறது என்பதெல்லாம் பல்கலைக்கழகத்தில் ஒரு தவணை படித்து, பரீட்சை எழுதி, அதோடு விட்ட சங்கதி. போன வருடம்தான் மைக்ரோகொன்ட்ரோலருக்குப் புரோகிராம் எழுதப் பழகினேன். நுண்கட்டுப்படுத்தி என்று தமிழில் சொல்கிறார்கள். எங்கட வீட்டில் அதற்குப் பெயர் "அந்தச் சின்னச் சாமான்".

"பிள்ளைக்கு ஒரு எலெக்ட்ரோனிக்ஸ் கிட் வாங்கிக் குடுக்கலாமோ? நீர் கொம்பியூட்டர் ஆள்தானே, சொல்லும்" என்று என்னைக் கேட்கிற பெற்றோர் கனபேர். கொம்பியூட்டர் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பாதி தெரியும். மற்றப் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

தேவை அப்பாவின் குளிசையில் இருந்து வந்தது. அப்பாவுக்கு 74 வயது, ஸ்காபரோவில் எங்களோடுதான் இருக்கிறார். பிரஷருக்கும் சலரோகத்துக்கும் காலையும் பின்னேரமும் குளிசை. மறதி வருத்தம் ஒன்றும் இல்லை. நாற்பது வருடத்துக்கு முதல் வாங்கின ரேடியோ வால்வின் விலையை இன்றைக்கும் சொல்வார். அம்மா இருந்த காலத்தில் குளிசை அம்மாவின் இலாகா. தேத்தண்ணியோடு சேர்ந்து மேசைக்கு வரும், அவர் கேள்வி கேட்காமல் விழுங்குவார். அம்மா போன பிறகு மருந்துக்கடையில் ஏழு நாளுக்கும் அறை பிரித்த பெட்டி ஒன்று தந்தார்கள். நல்ல சாமான்தான். ஆனால் வேலைக்குப் போகாத மனுசருக்குச் செவ்வாயும் ஒன்றுதான், வியாழனும் ஒன்றுதான். ஒரு நாள் காலை செவ்வாய் அறையில் இருந்ததை எடுத்தார். பத்து மணிபோல் பெட்டியைப் பார்த்து, புதன் அறை நிரம்பி இருப்பதைக் கண்டு, இன்னும் போடவில்லை என்று நினைத்து அதையும் எடுத்தார். மத்தியானத்துக்குப் பிறகு தலை சுற்றி மாடிப்படியில் இருந்துவிட்டார். பள்ளிக்கூடத்தால் வந்த என் மகன்தான் கண்டான். அவனுக்கு ஒன்பது வயது.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வேளை விட்டுப்போவதைவிட இரண்டு தரம் போடுவதுதான் இவருக்குக் கூடாது என்று டொக்டர் சொன்னார். போனில் நினைவூட்டுகிற செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தோம். அது கத்தத் தொடங்கினால் அதன் வாயை மூடுவதற்காக அப்பா "எடுத்தாச்சு" என்பதை அமத்திவிட்டு, பிறகு ஆறுதலாகப் போய்க் குளிசை எடுப்பார். சிலவேளை எடுக்கமாட்டார். போனைக் கேட்டால் எல்லா நாளும் எடுத்ததாகவே சொல்லும்.

யோசித்துப் பார்த்தால் அவருக்கு நினைவூட்டல் வேண்டியதில்லை. பத்து மணிக்கு மனதில் வருகிற ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: "நான் இண்டைக்குப் போட்டனானோ, இல்லையோ?" அவ்வளவுதான். மூடி திறந்தால் அறிகிற ஒரு காந்த சுவிட்ச், நாளும் நேரமும் தெரிந்த ஒரு கடிகாரம், இரண்டு சின்ன லைட். காலையில் மூடி திறந்திருந்தால் பச்சை. எட்டு மணி தாண்டியும் திறக்கவில்லை என்றால் மஞ்சள். இதைச் செய்ய ஒரு சனி ஞாயிறு போதும் என்றுதான் கணக்குப் போட்டேன். என் தொழில் கணக்குப்படி அது சரியான கணக்கு.

வாங்கின பலகை ஆர்டுவினோ ஊனோ. இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில் ஒரு வடிவமைப்புக் கல்லூரியில், எலெக்ட்ரோனிக்ஸ் படிக்காத மாணவர்களும் பாவிக்க வேண்டும் என்று 2005இல் தொடங்கிய ஆர்டுவினோ வரிசையில் வந்தது. இதன் மூளை அட்மெகா 328பி என்கிற சிப். வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். புரோகிராமை வைக்க 32 கிலோபைட். ஓடும்போது வேலை செய்ய இருக்கிற நினைவகம் இரண்டு கிலோபைட், அதாவது 2,048 பைட். என் லப்டொப்பில் 16 கிகாபைட் இருக்கிறது. வகுத்துப் பாருங்கள், எண்பது லட்சம் மடங்குக்கும் மேலே.

இரண்டு கிலோபைட் எவ்வளவு என்று மகனுக்கு விளங்கப்படுத்த ஒரு வழி கண்டுபிடித்தேன். கணினி தமிழ் எழுத்தை யூனிகோடில் சேமிக்கும்போது அ, ம, புள்ளி, ம, கால் என்று "அம்மா"வுக்கு ஐந்து குறி வேண்டும். வழக்கமாகப் பாவிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். மொத்தம் 15. அதே சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் நாலே பைட். ஆக, இந்தச் சிப்பின் முழு நினைவகத்திலும் "அம்மா" என்று 136 தரம் எழுதலாம். பிறகு வேறு எதற்கும் இடமில்லை. கொப்பியில் ஒரு பக்கம் இம்போசிஷன் எழுதின மாதிரி என்றான்.

டெஸ்க்டொப்பில் எழுதிப் பழகினவளுக்கு இது வெறும் அளவுப் பிரச்சினை இல்லை. அங்கே ஒரு பட்டியல் வேண்டுமென்றால் உருவாக்குவேன், அது எவ்வளவு வளரும் என்று கேட்கமாட்டேன். பாவித்து முடிந்ததும் தூக்கிப் போடுவேன், பின்னால் வந்து கூட்டித் துடைக்க மொழியிலேயே ஆள் இருக்கிறது. இங்கே கூட்டித் துடைக்க ஒருவரும் இல்லை. எடுத்து எடுத்து விட்டால் நடுநடுவே ஓட்டை விழுந்து, மொத்தமாக இடம் இருந்தும் சேர்ந்தாற்போல் இடம் இல்லாமல் போகும். அதனால் எது எது எவ்வளவு இடம் பிடிக்கும் என்று முதலே முடிவு செய்துவிட வேண்டும். ஊருக்குப் போகும்போது 23 கிலோ சூட்கேசை அடுக்குவது போல. மாமிக்கு வாங்கின குளிர் ஜக்கெட்டை வைத்தால் சொக்லட் வெளியே.

திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தமிழில் காட்ட ஆசைப்பட்டேன். இப்படியான வேலைகளுக்கு எல்லாரும் பாவிக்கிற மலிவான திரை இரண்டு வரி, வரிக்கு 16 எழுத்து. அதற்குள் ஆங்கில எழுத்தும், பெரும்பாலும் ஜப்பானியக் கட்டகானா எழுத்தும் பிறவியிலேயே இருக்கின்றன. தமிழ் இல்லை. நாங்களாக எட்டு எழுத்து வரைந்து போட விடுவார்கள், ஒவ்வொன்றும் ஐந்து புள்ளி அகலம், எட்டுப் புள்ளி உயரம். சதுரக் கொப்பியில் அந்த ஐந்துக்கு எட்டுக்குள் ஒரு "ஐ" எழுதிப் பாருங்கள். புள்ளி புள்ளியாகப் படம் காட்டுகிற வேறு திரையும் இருக்கிறது, 128க்கு 64. அந்த முழுப் படத்தையும் நினைவகத்தில் வைத்திருக்க 1,024 பைட் வேண்டும். இருக்கிறதில் சரிபாதி திரைக்கே போய்விடும். கடைசியில் அப்பா ஒரு துண்டு மட்டையில் தன் கையெழுத்தில் எழுதி லைட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார். நினைவகச் செலவு பூச்சியம்.

அடுத்தது நேரம். என் வழக்கமான வேலையில் புரோகிராம் என்பது காத்திருக்கிற ஒரு ஆள். யாராவது பட்டனை அமத்தினால் விண்டோஸ் வந்து தட்டிச் சொல்லும், அப்போது எழும்பி வேலை செய்தால் போதும். இங்கே விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. மின்சாரம் வந்ததும் ஒருமுறை ஓடுகிற ஒரு பகுதி, அதன் பிறகு மின்சாரம் போகும்வரை சுற்றிச் சுற்றி ஓடுகிற ஒரு லூப். மூடி திறந்ததா, நேரம் என்ன, லைட்டை மாற்ற வேண்டுமா, திரும்ப மூடி திறந்ததா. வினாடிக்கு ஆயிரக்கணக்கான தரம் இதையே கேட்டுக்கொண்டிருக்கும். "இதுக்கு அலுக்காதா?" என்று மகன் கேட்டான்.

எல்லாப் புத்தகத்திலும் முதல் பாடம் ஒரு லைட்டை மினுக்குவது. போடு, ஒரு வினாடி நில், அணை, ஒரு வினாடி நில். அந்த "நில்" கட்டளைக்கு டிலே என்று பெயர். பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். ஆனால் நிற்கிற அந்த ஒரு வினாடி இந்தச் சிப் தன் லூப்பில் வேறு எதையும் பார்க்காது. அப்பா அந்த நேரம் மூடியைத் திறந்து சட்டென்று மூடினால் அது அதற்கு நடக்கவே இல்லை. ஆகவே நிற்காமல், "கடைசியாக லைட்டை மாற்றி எவ்வளவு நேரமாச்சு?" என்று ஒவ்வொரு சுற்றிலும் கேட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகிற மாதிரி எழுத வேண்டும். சமையல் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. சோறு வேகும்வரை பானையைப் பார்த்துக்கொண்டு யார் நிற்கிறார்கள்? இடையில் கறிக்கு வெங்காயம் வெட்டுவோம், இடைக்கிடை திரும்பிப் பார்ப்போம்.

இதுவரை சொன்னதெல்லாம் என் பாதி; புதிது என்றாலும் அதே ஊர்ப் பாஷை. மற்றப் பாதி மின்சாரம். அங்கேதான் அப்பா வந்தார்.

அப்பாவுக்குச் சுன்னாகத்தில் ரேடியோ திருத்துகிற கடை இருந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் ரேடியோ கேட்ட காலம். அந்த டைனமோ தருவது மாறுமின்னோட்டம், ரேடியோவுக்கு வேண்டியது நேர்மின்னோட்டம். நடுவில் நாலு டயோட்டையும் ஒரு கப்பாசிற்றரையும் போட்டு அதைச் சரிப்படுத்துவது அப்பாவின் வேலை. செய்தி நேரத்துக்கு நானும் சுற்றியிருக்கிறேன். மெதுவாகச் சுற்றினால் குரல் தேயும், பெரியாட்கள் கத்துவார்கள். எனக்கு ஏழு வயதில் இங்கே வந்துவிட்டோம். வந்த பிறகு அப்பா ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். சாலிடரிங் அயனைத் தொட்டதை நான் காணவில்லை.

என் பலகையில் ஒரு வயரைச் சுவிட்சில் கொண்டுபோய் இணைத்தேன். சுவிட்ச் மூடியிருந்தால் ஒன்று, திறந்திருந்தால் பூச்சியம். ஆனால் திறந்திருக்கும்போது ஒன்றும் பூச்சியமும் கண்டபடி மாறி மாறி வந்தது. வயருக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனாலே மாறியது. என் தொழிலில் ஒரு மாறிக்குப் பெறுமதி கொடுக்காவிட்டால் மொழியே என்னைத் திட்டும். இங்கே ஒருவரும் திட்டவில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா சொன்னார்:

"பிள்ளை, வயரை அந்தரத்தில விட்டா அது அன்ரெனாதானே. ஒரு பக்கம் கட்டிவிடு."

அதுதான் விடை. எந்தப் பக்கமும் இணைக்காத கால் சுற்றியிருக்கிற மின் இரைச்சலை எல்லாம் பிடிக்கும். ஒரு பெரிய தடையி மூலம் அதை ஐந்து வோல்ட் பக்கம் மெதுவாக இழுத்துவைத்தால் அமைதியாகிவிடும். அட்மெகா சிப்புக்குள்ளேயே அப்படி ஒரு தடையி இருக்கிறது, 20 முதல் 50 கிலோஓம் வரை, புரோகிராமில் ஒரு சொல் மாற்றினால் இணைந்துகொள்ளும். அப்படி இணைத்தால் சுவிட்ச் மூடும்போது பூச்சியம், திறக்கும்போது ஒன்று என்று எல்லாம் தலைகீழாகும். அது பழகிவிடும்.

மகனின் கண்டுபிடிப்பு வேறு. எத்தனை தரம் மூடி திறந்தது என்று எண்ணுகிற ஒரு சின்னப் புரோகிராம் கொடுத்தேன். ஒரு தரம் திறந்தான், நாலு என்றது. இன்னொரு தரம், ஆறு. "அம்மா, இது பொய் சொல்லுது." பொய் இல்லை. சுவிட்சுக்குள் இருக்கிற இரண்டு உலோகத் தகடும் தொடும்போது, நிலத்தில் விழுந்த பந்து மாதிரிச் சில மில்லிசெக்கனுக்குத் துள்ளும். எங்கள் கண்ணுக்கு ஒரு தொடுகை, வினாடிக்கு ஆயிரக்கணக்கான தரம் பார்க்கிற சிப்புக்கு நாலைந்து தொடுகை. நான் புரோகிராமில், மாற்றம் தெரிந்தால் 20 மில்லிசெக்கன் கழித்துத் திரும்பப் பார்த்து உறுதி செய் என்று எழுதினேன். அப்பா சுவிட்சுக்குக் குறுக்கே ஒரு கப்பாசிற்றர் போட்டால் போதும் என்றார். மூன்று நாள் இதைப் பற்றி வாக்குவாதம். "உன்ர எழுத்துப் பிழைச்சாலும் என்ர சாமான் நிக்கும்" என்பது அவர் வாதம். இப்போது இரண்டுமே இருக்கின்றன.

அப்பா ஊரில் தமிழிலேயே விஞ்ஞானம் படித்தவர். தடையி, கொள்ளளவி, இருவாயி என்றுதான் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். தடையியில் சிவப்பு, சிவப்பு, மண்ணிறம் என்று கோடு இருந்தால் 220 ஓம். ஐந்து வோல்ட்டில் லைட் இரண்டு வோல்ட் எடுத்தால் மிச்சம் மூன்று, அதை 220ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14 மில்லிஅம்பியர். இந்தச் சிப்பின் ஒரு காலுக்கு 20க்குள் இருப்பது நல்லது, 40ஐத் தாண்டவே கூடாது. இந்த வகுத்தலை மகன் தமிழில் செய்து காட்டினான். "இருவாயி எண்டால் ரெண்டு வாய், ஒண்டால சாப்பிடும், மற்றதால சாப்பிடாது" என்று தங்கச்சிக்கு விளக்கியதும் அவன்தான். அம்மப்பாவோடு அவன் அரை மணித்தியாலம் தொடர்ந்து கதைத்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. இருவருக்கும் பொதுவாகக் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை என்பதுதான் உண்மை. காலநிலையும் சாப்பாடும் எவ்வளவு நாளைக்குத் தாங்கும்?

எண்களுக்கு வருகிறேன், ஏனென்றால் டெஸ்க்டொப்பில் இருந்து வருகிறவர்கள் நிற்க வேண்டிய இடம் இது. ஊனோவில் சாதாரண முழு எண்ணுக்கு 16 பிட்தான். அதில் அடங்குகிற மிகப் பெரிய எண் 32,767. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. ஆகவே ஒரு நாளின் வினாடிகளை ஒரு சாதாரண எண்ணில் எண்ண முடியாது; காலை ஒன்பது மணி ஆறு நிமிடத்துக்கு அது நிரம்பி எதிர்மறையாகத் திரும்பிவிடும். லப்டொப்பில் அதே சொல்லை எழுதினால் 200 கோடிக்கு மேல் எண்ணலாம். சொல் ஒன்று, கொள்ளளவு வேறு.

இன்னொன்று, சிப் தன் மில்லிசெக்கன்களை எண்ணுகிற எண் 32 பிட். பெரியதுதான், ஆனால் 49.7 நாளில் நிரம்பித் திரும்பப் பூச்சியத்துக்கு வரும். என் அலுவலகப் புரோகிராம்களை வாரத்துக்கு ஒருக்கால் யாராவது மூடித் திறப்பார்கள், ஐம்பது நாள் தொடர்ந்து ஓடுவது என்ற எண்ணமே அங்கே இல்லை. அப்பாவின் பெட்டி வருடக்கணக்கில் ஓட வேண்டும். வழி இலகு: "நேரம் இன்னதைத் தாண்டிவிட்டதா" என்று கேட்காமல், "இப்போதையதில் இருந்து முந்தியதைக் கழித்தால் எவ்வளவு" என்று கேட்க வேண்டும். கடிகாரத்தில் பதினொன்றில் இருந்து ஒன்றுக்கு எத்தனை மணித்தியாலம் என்றால் இரண்டு என்றுதானே சொல்கிறோம், எண் சின்னதாகிப் போச்சே என்று குழம்புவதில்லை. மகன் ஐம்பதாவது நாளைக் கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தான். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றம் அவனுக்கு.

நாள், நேரம் வைத்திருக்க மட்டும் தனியாக ஒரு கடிகாரச் சிப் போட்டோம். ஊனோவின் சொந்தத் துடிப்பு ஒரு நாளில் சில நிமிடம்கூட விலகக்கூடியது. இந்தக் கடிகாரச் சிப், டிஎஸ் 3231, வெப்பநிலையைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும், வருடத்தில் ஒரு நிமிடம்போல்தான் பிசகும். கரண்ட் போனால் ஒரு நாணயப் பற்றறியில் ஓடும். கடைசியாக மூடி திறந்த நேரத்தை, மின்சாரம் போனாலும் அழியாத தனி நினைவகத்தில் எழுதுகிறோம். அதில் ஒரே இடத்தில் ஒரு லட்சம் தரம் எழுதலாம் என்பது தயாரிப்பாளர் தருகிற உறுதி. லப்டொப்பில் பழகின கை வினாடிக்கு ஒருக்கால் சேமிக்கச் சொல்லும். அப்படிச் செய்தால் 28 மணித்தியாலத்தில் அந்த லட்சம் முடிந்துவிடும். மூடி திறக்கும்போது மட்டும், நாளைக்கு இரண்டு தரம் எழுதினால் 136 வருடம். அப்பாவுக்கு இந்தக் கணக்குப் பிடித்திருந்தது. "அப்ப நான் போனாலும் நீங்கள் பாவிக்கலாம்" என்றார்.

இதையெல்லாம்விட நான் கூட யோசித்தது இதை: புரோகிராம் நடுவில் உறைந்துபோனால் என்ன நடக்கும்? அலுவலகத்தில் ஒரு ஜன்னல் உறைந்தால் திட்டிக்கொண்டு மூடித் திறப்பார்கள். இந்தப் பெட்டி பச்சை எரிந்தபடி உறைந்தால், அப்பா நாளைக்கும் நாளையண்டைக்கும் குளிசை போட்டாச்சு என்று நினைத்துக்கொண்டிருப்பார். பெட்டி இல்லாமல் இருந்ததைவிட அது மோசம். சிப்புக்குள் வாட்ச்டோக் என்று ஒன்று இருக்கிறது, காவல் நாய். புரோகிராம் அதை இடைக்கிடை தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கூடிய பட்சம் எட்டு வினாடி தட்டாமல் விட்டால் முழுச் சிப்பையும் முதலில் இருந்து தொடங்க வைக்கும். அதைப் போட்டோம். அதோடு பச்சை லைட்டை நிலையாக எரியவிடாமல் இரண்டு வினாடிக்கு ஒருக்கால் மினுங்கவிட்டோம். மினுங்கினால் புரோகிராமுக்கு உயிர் இருக்கிறது. அசையாமல் எரிந்தாலோ, ஒன்றுமே எரியாவிட்டாலோ பெட்டியை நம்பாதே, எனக்கு போன் எடு. அப்பாவுக்குச் சொன்ன ஒரே விதி அது.

மிச்சம் இருந்த கேள்வி, அந்த மட்டையில் என்ன எழுதுவது என்பது. நான் "குளிசை போட்டாச்சு" என்று நினைத்திருந்தேன். அப்பா மறுத்தார். "உந்தப் பெட்டிக்கு அது எப்பிடித் தெரியும்? மூடி திறந்ததுதான் அதுக்குத் தெரியும். எடுத்து மேசையில வைச்சிட்டு போன் கதைக்கப் போனால்?" அவர் எழுதி ஒட்டியது "திறந்தாச்சு". பத்து மணிக்குச் சந்தேகம் வந்தால் லைட்டைப் பார்ப்பார், திறந்தாச்சு என்று மினுங்கினால் மேசையையும் ஒருக்கால் பார்ப்பார். போன் செயலி எழுதினவர்களும் நானும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். திரையில் ஒருவர் அமத்தியதை நடந்ததாக எடுத்துக்கொண்டே பழகிவிட்டோம்.

கிட் பற்றிக் கேட்ட பெற்றோருக்கு: எட்டு, ஒன்பது வயதுக்கு ஊனோ அவசரம். மைக்ரோபிட் வாங்குங்கள். பிரித்தானியாவில் பிபிசி முன்னின்று 2016இல் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த பலகை அது. 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில் நினைவகம் 128 கிலோபைட், ஒலிபெருக்கியும் மைக்கும் கூடவே இருக்கின்றன. 25 சின்ன லைட்டும் இரண்டு பட்டனும் பலகையிலேயே இருப்பதால் முதல் நாளே வயர் தேவையில்லை, கட்டைகளை அடுக்குகிற மாதிரி இழுத்து வைத்து எழுதலாம். பிரவுசரிலேயே அதன் போலி ஒன்று ஓடும், வாங்க முன்னம் அதில் பிள்ளைக்கு ஆர்வம் இருக்கிறதா என்று பார்க்கலாம். உங்களுக்கே புரோகிராம் தெரிந்திருந்தால் உங்களுக்கு ஊனோ. பிள்ளைக்கு வாங்கி நீங்கள் விளையாடுவதைவிட இது நேர்மையானது.

நாணயப் பற்றறி விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. சின்னப் பிள்ளை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுக்குழாயை எரித்துவிடும். எங்கட பெட்டியில் அது ஆணி இறுக்கின மூடிக்குள் இருக்கிறது, மேலதிகமானவை மேல் தட்டில் பூட்டி இருக்கின்றன.

போன நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுகிற ஞாயிறு வந்தது. டிஎஸ் 3231க்குக் கோடைகால நேரம் என்று ஒன்று தெரியாது, லப்டொப் மாதிரித் தானே மாற்றாது. மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு, விடிய இரண்டு மணி என்ற விதியை நானே எழுத வேண்டும். அதை எழுதத் தொடங்கும்போது அப்பா என்னவென்று கேட்டார், சொன்னேன்.

"குளிசைக்கு என்ன கோடைகாலம், மாரிகாலம்? அது தன்ர பாட்டில கிடக்கட்டும்."

பெட்டியில் வருடம் முழுக்க மாரிகால நேரம்தான். கோடையில் மஞ்சள் லைட் எட்டுக்குப் பதிலாக ஒன்பதுக்குத் தொடங்கும். வெயில் காலத்தில் அப்பா தோட்டத்துக்குத் தண்ணி விட்டு உள்ளே வர ஒன்பது ஆகும், அது அவருக்குத் தோதுதான்.